நான்கு ரன்களுக்குச் சொந்தக்காரர்

டொக்... டொக்... டொக்.

முன்னறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டுச் சத்தங்களுக்கெல்லாம் அவளிடம் தனி அகராதி உண்டு. 'கடக் கடக்' என்றால், கணவர் புதிதாகச் செய்த பல் செட்டைக் கையில் வைத்துக் கடிக்கவிட்டுப் பார்க்கிறார். 'ர்ர்ர்' என்றால் மெருகு போடும் சக்கரம். 'டொக் டொக்' என்றால் குடை. ஆணியில் மாட்டியிருக்கும் குடையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, முதுகை வளைத்து, கிரிக்கெட் மட்டையைப் போலத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கிறார். மனசு ஒரு நிலையில் இல்லை என்று அர்த்தம்.

"தரை பேந்து போச்சுன்னா நீங்கதான் பூசணும்," என்றாள் உள்ளிருந்தபடியே.

சத்தம் நின்றது. "கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"கை இல்ல, மனசு. அவங்க வர்றப்போ வரட்டும். போய் உக்காருங்க."

நாற்காலி நகரும் சத்தம். மறுபடியும் டொக்.

நீளமாக எது கையில் கிடைத்தாலும் அவருக்கு அது மட்டைதான். துடைப்பம், திரைச்சீலைக் கம்பி, கடையில் விலை கேட்க எடுத்த மண்வெட்டிப் பிடி, ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் பெரியவர் ஒருவரின் கைத்தடி. அன்றைக்கு அவள் முழங்கையால் இடித்த இடியில்தான் அவருக்கு சுயநினைவு வந்தது. ஆனால் ஒன்று: குனிந்து நின்று தட்டுவதோடு சரி. வராத பந்தை அவர் ஒரு நாளும் வீசி அடித்ததில்லை. தட்டுவார், நிமிர்வார், இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, முழு வாயாகத் திருப்பி அனுப்புவார். முன்னறை ஜன்னலோரம் மேஜை, ஸ்பிரிட் விளக்கு, சின்னச் சின்னக் கத்திகள். சுவரோரம் வரிசையாக யார் யாருடைய தாடைகளோ, ஆள் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். "ஊர்ல பாதிப் பேர் சிரிக்கறது என் கை வேலை," என்பார். "மீதிப் பேர் என்னைப் பாத்துச் சிரிக்கறவங்க."

மேற்பல் எடுப்பாக அமைந்துவிட்டாலோ, டம்ளர் கை தவறி உடைந்தாலோ, பால் பொங்கி வழிந்தாலோ, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சமாதானம்தான். "கை திரும்பிடுச்சு."

கல்யாணமான புதிதில் அவள் இதைக் கேலி செய்திருக்கிறாள். "பால் பொங்கினதுக்கும் கைக்கும் என்னங்க சம்பந்தம்?" எங்கிருந்து வந்த வார்த்தை அது என்று தெரிந்த பிறகு அவள் கேலி செய்வதை விட்டுவிட்டாள்.

பழகியவர்கள் அவரைப் 'பதினொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். இளவயதில் ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் எடுபிடியாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பேர். ஆஸ்பத்திரிக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. டாக்டர், கம்பவுண்டர், குமாஸ்தா, ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லாரும் கலந்த கதம்பம். கோப்பையின் இறுதி ஆட்டத்தன்று ஒரு ஆளுக்குக் காய்ச்சல். பத்துப் பேரோடு இறங்க முடியாதே என்று, பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்த பையனைக் கையைக் கழுவச் சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைசி ஆள். பதினொன்றாவது ஆள்.

அந்த ஆட்டத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். பல் வாங்க வந்தவர்கள், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்கள், விலாசம் தவறி வந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

"எதிர்ல துறைமுகத்து டீம். ஒவ்வொருத்தனும் கப்பலையே இழுத்துக் கட்டறவன். எங்காளுங்க போறதும் வர்றதுமா இருக்காங்க. ஒரு டாக்டர் போன வேகத்துல திரும்பி வந்தாரு, அவரு வெச்ச டீ கூட ஆறல. இருபத்து மூணு ரன்னு, ஆறு விக்கெட் காலி. ஜனங்க எழுந்து செருப்பு தேட ஆரம்பிச்சுட்டாங்க. கேப்டன் மட்டும் ஒரு பக்கம் நிக்கறாரு."

கேப்டன் என்பவர் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவர். நெடிய உருவம், அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. விழுகிற கூரையை ஒற்றை ஆளாகத் தோளில் தாங்கியதுபோல நின்றார். நடுவில் ஒரு பந்து எகிறி வாயில் பட்டு முன்பல் ஒன்று போய்விட்டது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "பல்லு கிடைச்சா எடுத்து வைங்கப்பா, அப்புறம் வாங்கிக்கறேன்" என்றாராம். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஆடினார். எட்டாவது ஆள் போனார், ஒன்பதாவது ஆள் போனார், பத்தாவது ஆளும் போனார். அப்போதுதான் நம்ம ஆள் உள்ளே போனார்.

"என் தொடை ரெண்டும் தந்தி அடிக்குது. கேப்டன் வந்து தோள்ல கை போட்டாரு. 'நீ ஒண்ணும் அடிக்க வேணாம்டா. பேட்ட நேரா வெச்சுக்கிட்டு நில்லு. அது போதும்'னாரு. நின்னேன். அவரு அடிக்க அடிக்க நான் நின்னேன். தொண்ணூத்தேழு வரைக்கும் வந்துட்டாரு. ஜெயிக்க மூணே ரன்னு..."

இங்கே வந்ததும் அவருக்கு மெழுகு உருகிவிடும், அல்லது சக்கரத்துக்கு எண்ணெய் விட வேண்டியிருக்கும். "அப்புறம் ஜெயிச்சோம்," என்று எழுந்துவிடுவார். எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் அந்தக் கடைசிப் பந்தை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை.

ஊரார் வாயால்தான் கேட்டாள். ஜெயிக்கவும் மூன்று ரன், கேப்டனின் சதத்துக்கும் அதே மூன்று ரன். ஓவரில் ஒரே ஒரு பந்து பாக்கி, அது பதினொண்ணுக்கு. அதை மட்டும் அவர் தடுத்து நிறுத்திவிட்டால் அடுத்த ஓவர் கேப்டன் கைக்குப் போகும். அவர் ஒரே அடியில் சதத்தையும் வெற்றியையும் சேர்த்து எடுத்துவிடுவார். மைதானம் முழுக்க அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெரிய அணிக்கு ஆள் பொறுக்கும் தேர்வாளர் ஒருவர்கூட அன்று வந்து உட்கார்ந்திருந்தாராம். பந்து வந்தது. மட்டையை நேராக வைத்திருந்தால் அப்படியே செத்து விழுந்திருக்கும். ஆனால் பையனின் மணிக்கட்டு லேசாகத் திரும்பியது. பந்து காலோரமாக நழுவி, விக்கெட் கீப்பரை ஏமாற்றி, எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது. நான்கு ரன்கள். ஆட்டம் முடிந்தது. கேப்டன் தொண்ணூற்றேழிலேயே நின்றுபோனார்.

தேர்வாளர் மறுபடி வரவில்லை. கேப்டனும் அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் நூறைத் தொடவில்லை. ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் எலும்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

திட்டியிருந்தால் தேவலை. கேப்டன் திட்டவில்லை. வீங்கிய வாயோடு, "பரவால்லடா, ஜெயிச்சோம்ல" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அந்தத் தட்டு இன்னமும் அவர் முதுகில் எரிகிறது என்பது அவளுக்குத் தெரியும். கேப்டனுக்குப் போன பல்லுக்கு மாற்றுப் பல் செய்யும் வேலை பல் பிரிவுக்கு வந்தபோது, பையன் அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டான். நிறம் சேர்த்து, வளைவு சேர்த்து, பக்கத்துப் பல்லில் இருந்த சிறு கீறல்வரை சேர்த்துச் செய்து கொடுத்தான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு பட்டறை போட்டுக்கொண்டவர், கேப்டன் குடியிருந்த தெருவைத் தவிர்ப்பதற்காக அன்றுமுதல் இன்றுவரை மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில்தான் போகிறார்.

டிவியில் கிரிக்கெட் வைத்தால் அவளும் உட்காருவாள். நடுவரின் சைகைகள் எல்லாம் அவருடைய பாடம்தான். அவர் கத்தரிக்காய் சொத்தையாக வாங்கி வந்தால் அவள் பேசாமல் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவாள். அவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். இந்த விளையாட்டெல்லாம் உண்டு. ஆனால் நான்கு ரன்னுக்கு நடுவர் கையை மார்புக்கு நேரே இப்படியும் அப்படியும் ஆட்டும்போது மட்டும், அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவளும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள். அவளுக்கென்னவோ அந்த நான்கின் மேல் உள்ளுக்குள் ஒரு பெருமை. இந்த மனுஷன் வாழ்க்கையில் அடித்தது அது ஒன்றுதான். அதையும் பெருமையாகச் சொல்ல வாய்க்காமல் போயிற்றே என்று அவளுக்கு வயிறு எரியும்.

நேற்று ஒரு பெண் போன் செய்தாள். கேப்டனின் மகள். அப்பாவின் பல் செட்டு வேறெங்கோ செய்தது, ஈறில் குத்துகிறதாம். "'பதினொண்ணு பல்லு கட்றான், அவன்கிட்ட கூட்டிட்டுப் போ'ன்னு அப்பா ஒரே பிடிவாதம், அங்கிள்."

போனை வைத்ததிலிருந்து குடைக்கு ஓய்வில்லை.

"இன்னைக்குச் சொல்லிடுவேன்," என்றார் அடுப்படி வாசலில் வந்து நின்று.

"என்னன்னு?"

"என்னை மன்னிச்சிடுங்க கேப்டன்னு. வேற என்ன இருக்கு."

"சொல்லிடுங்க. சொல்லிட்டா நானும் அந்தக் குடைய மழைக்கு எடுத்துட்டுப் போவேன்."

அவர் சிரிக்கவில்லை. அழைப்பு மணி அடித்தது.

கேப்டன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். உயரம் அப்படியேதான் இருந்தது; உடம்பு மட்டும் அதற்குள் சுருங்கி, கொடியில் காயும் சட்டைபோல ஆகியிருந்தது. பார்வை மட்டும் பளிச்சென்று இருந்தது. "டேய் பதினொண்ணு. தலைமுடியெல்லாம் எங்கடா போச்சு?"

"எங்கயோ கொட்டிடுச்சு கேப்டன்." ஆளைக் கையைப் பிடித்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார்.

டீ போடப் போனவளின் பின்னாலேயே மகளும் வந்தாள். அடுப்பின் மேல் பாத்திரம் ஏறியதும் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, ஒரு உதவி. அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் தடுமாறுது. அந்த மேட்சு மட்டும்தான் விடாம பேசறார். ஆனா அதுவும் மாறிப்போச்சு. கடைசி பந்த அவர்தான் அடிச்சாராம். நூத்தி ஒண்ணாம். ஒருநாள் என் தம்பி, 'இல்லப்பா, தொண்ணூத்தேழுதான்'னு திருத்திட்டான். ரெண்டு நாள் சாப்பிடல. சின்னப் புள்ள மாதிரி அழுதார். அங்கிள் சும்மா தலையாட்டினா போதும். நிஜமா அடிச்சது அங்கிள்தான்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. எனக்குக் கேக்கவே வெக்கமா இருக்கு."

முன்னறையில் சக்கரத்தின் சத்தம் நின்று, கணவரின் தொண்டைச் செருமல் கேட்டது. அந்தச் செருமலையும் அவளுக்குத் தெரியும். ஒத்திகை முடிந்து ஆரம்பிக்கப் போகிறார். கொதிக்காத டீயை அப்படியே ஊற்றி, தட்டில் வைத்து, பாதி சிந்தியபடி ஓடினாள்.

மேஜையின்மேல் நீலத் தாள் கிடந்தது. எங்கே குத்துகிறது என்று அதை வைத்துக் கடிக்கச் சொல்லி அடையாளம் பார்த்திருக்கிறார். கேப்டனின் முழுச் செட்டும் கணவரின் உள்ளங்கையில் இருந்தது. பல்லில்லாத வாயோடு கேப்டன் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கேப்டன், ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு... அந்தக் கடைசி பந்து..."

"அதான்டா, அதத்தான் நானும் சொல்ல வந்தேன்." கேப்டன் முன்னால் நகர்ந்தார். பல் இல்லாததால் வார்த்தைகள் காற்றாக வந்தன. "கடைசி பந்து. நான் ஒரு சாத்து சாத்தினேனே. நூத்தி ஒண்ணு. வீட்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்டா. நான் பொய் சொல்றேனாம். நீதான் எதிர்ல நின்னே. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. அதுக்குத்தான் வந்தேன். பல்லாவது ஒண்ணாவது."

அவர் கை அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் தட்டைப் பிடித்தபடி, தலையை இல்லை என்று ஒரு நூல் அளவு அசைத்தாள். அவளுக்குப் பின்னால் கேப்டனின் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் திரும்பிச் சக்கரத்தைப் போட்டார். ர்ர்ர். கேப்டனின் பல்லில் நீலம் படிந்த இடத்தைத் தேய்த்தார். ஊதினார். மறுபடி தேய்த்தார். அவ்வளவு தேய்க்க அதில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை காலம் சுமந்து திரிந்த மன்னிப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தால், வாங்கிக்கொள்ள வேண்டியவர் குற்றத்தையே மறந்துவிட்டார். இனி அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அவள் டீத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

சக்கரம் நின்றது.

"யாரு நம்பலயாம்?" என்றார் அவர். குரல் தெளிவாக இருந்தது. செட்டைக் கழுவி, கேப்டனின் வாயில் தன் கையாலேயே பொருத்தினார். "கடிச்சுப் பாருங்க. குத்துதா? சரி. இப்போ கேளுங்க. எல்லாரும் கேளுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஓவர்ல ஒரே பந்து. அந்தக் குட்டையன் ஓடி வர்றான், கையில கயிறு முறுக்கற மாதிரி ஒரு சுத்து சுத்துவானே, அவன். மைதானத்துல மூச்சுச் சத்தம் இல்ல. பந்து காலுக்குப் பக்கமா வருது. சும்மா பேட்ட வெச்சிருந்தா அங்கயே செத்திருக்கும். ஆனா கடைசி நொடியில மணிக்கட்டு திரும்பிச்சு பாருங்க. லேசாத்தான். பேட்ல பட்ட மாதிரியே இல்ல. வெண்ணெயில கத்தி போன மாதிரி. கீப்பர் இந்தப் பக்கம் விழறான், பந்து அந்தப் பக்கம் போவுது. புல்லு மேல சத்தமே இல்லாம. நிக்கும் நிக்கும்னு எல்லாரும் பாக்கறாங்க. நிக்கல. கோட்டைத் தாண்டி, அங்க ஒருத்தரு கொண்டாந்த தண்ணிக் கூஜாவுல போய் 'ணங்'குன்னு மோதிச்சு."

அவர் மூச்சு வாங்கினார்.

"அந்த 'ணங்' இன்னும் என் காதுல இருக்கு. அப்பேர்ப்பட்ட அடி அது. நீங்கதான் அடிச்சீங்க கேப்டன். நூத்தி ஒண்ணு. நான் பாத்தேன்."

அந்தக் கூஜாவைப் பற்றி ஊரில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? கை திரும்பிச்சுன்னு நான் சொன்னேனா இல்லையா?" புதிதாகச் சரிசெய்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மகள் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தங்கச்சி, டீ பிரமாதம்" என்றார் கேப்டன்.

கிளம்பும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதையோ தேடுவது மாதிரி நெற்றி சுருங்கியது.

"டேய், நீ எத்தன அடிச்சே அன்னைக்கு?"

அடுப்படிப் பக்கம் நகர்ந்தவள் நின்றுவிட்டாள்.

"நான் எங்க அடிச்சேன் கேப்டன். முட்டைதான். நீங்க நிக்கச் சொன்னீங்க, நின்னேன்."

"நின்னேல்ல," என்றார் கேப்டன். அந்தப் பழைய முதுகில், பழைய இடத்திலேயே, கையை வைத்துத் தட்டினார். "அது போதும்டா."

படியிறங்கும்வரை அவர் கேப்டனின் கையைப் பிடித்திருந்தார். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்ட கை தாழ்ப்பாளின் மேலேயே வெகுநேரம் இருந்தது. குடை நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. அதை அவர் தொடவில்லை.

மெல்லத் திரும்பினார்.

அடுப்படி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் காலி டம்ளர்கள். வலது கையை மார்புக்கு நேரே உயர்த்தி, வெள்ளைக் கோட்டுப் போட்ட நடுவரைப்போல, நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை.